மாடிக் கதவுத் திறப்பு விழா

மனித நாகரிகம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளில் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். தவறு. அது பூட்டைக் கண்டுபிடித்த நாளில்தான் தொடங்கியது. நெருப்பைக் குரங்குகூடப் பார்த்திருக்கும். பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, நாலடி நடந்து, மறுபடி திரும்பி வந்து இழுத்துப் பார்க்கும் பிராணி மனிதன் ஒருவன்தான். அந்த நாகரிகத்தின் உச்சியைக் காண விரும்புகிறவர்கள் வெளிநாடு போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி முடிச்சூர் பஸ் ஏறினால் போதும். எங்கள் 'கஜலட்சுமி லேக் வியூ' அடுக்ககத்தின் மொட்டைமாடிக் கதவில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது.

உலகின் தலைசிறந்த வீடியோ கேமும் அதே கட்டடத்தில்தான் பிறந்தது. தலைசிறந்தது என்று நான் சொன்னால் நம்பலாம். என் வாழ்நாளில் நான் விளையாடிய ஒரே வீடியோ கேம் அது.

முதலில் கட்டடம். லேக் வியூ என்று பெயர் இருக்கிறதே, ஏரி எங்கே என்று விருந்தாளிகள் ஜன்னலைத் திறந்து தேடுவார்கள். நாங்கள் தரையைக் காட்டுவோம். ஏரியின் மேல் உட்கார்ந்துகொண்டு ஏரியைப் பார்ப்பது எப்படி? மழைக்காலத்தில் மட்டும் ஏரியே மேலே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகும். தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி, அதற்கு மேல் மொட்டைமாடி. இவ்வளவுதான் கட்டடம். இதில் வாழும் மக்களின் நலனைக் காக்கக் குடியிருப்போர் நலச் சங்கம் இருக்கிறது. அதன் செயலாளர் நான். எல்லாரும் 'செகரட்டரி சார்' என்றே கூப்பிடுவார்கள், என் பெயர் பலருக்கு மறந்தே போய்விட்டது. பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு இது நேர்வதுதான்.

மொட்டைமாடியைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது சங்கத்தின் முதல் தீர்மானம். காரணங்கள் வலுவானவை. திறந்துவைத்தால் துணி காயப்போடுவார்கள். வடகம் பிழிவார்கள், அதைத் தின்னக் காக்கா வரும். யாராவது இரண்டு பேர் போய் நிலாவைப் பார்ப்பார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஆக, மொட்டைமாடி என்னும் பொதுச் சொத்தைப் பொதுமக்களிடமிருந்து காப்பாற்ற ஒரே வழி பூட்டுதான். மதுரையில் சங்கம் தமிழ் வளர்த்தது, முடிச்சூரில் சங்கம் பூட்டு வளர்த்தது. அந்தப் பூட்டையும் அந்நியரிடம் வாங்கவில்லை. தரைத்தளத்தில் குடியிருக்கும் அயூப் பாய் இரும்புலியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். "பித்தளைப் பூட்டு சார், யானையைக் கட்டி இழுத்தாலும் வராது" என்று அவரே துடைத்துக் கொடுத்தார். சாவி ஒன்றே ஒன்று. அது என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

பூட்டின் பெருமை 2015 வெள்ளத்தில் ஊரறிய நிரூபணமாயிற்று. நான் அப்போது ஒரு சீமந்தத்துக்காகத் திருச்சி போயிருந்தேன். சாவியும் என்னோடு வந்திருந்தது. தரைத்தளம் முழுகி, முதல் மாடியில் இடுப்பளவு தண்ணீர். கட்டடமே மேல் படிக்கட்டில் வந்து நின்றது. ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டது. எங்கே? மொட்டைமாடியில். கதவுக்கு அந்தப் பக்கம் பொட்டலங்கள் தொப் தொப்பென்று விழும் சத்தம் இந்தப் பக்கம் நின்ற எல்லாருக்கும் நன்றாகக் கேட்டதாம். ஆனால் ஒருவர்கூட, நான் பெருமையோடு சொல்கிறேன், ஒரு குழந்தைகூட, சங்கத்தின் அனுமதியில்லாமல் ஒரு பொட்டலத்தைத் தொடவில்லை. இப்படியொரு கட்டுப்பாட்டை ராணுவத்தில்கூடப் பார்க்க முடியாது.

அயூப் பாயின் மனைவி நூர் பீவிக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாடு கிடைக்காமல் போனதில், அந்தக் கதவடியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். படகு வந்து தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்கவைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் ரூக்சார், படகு வரும்வரை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாளாம். அந்தப் பக்கம் ஆளே இல்லாத கதவைத் தட்டுவதில் என்ன பயன் என்று யோசிக்கும் வயது அவளுக்கு அப்போது இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் அவள் சங்கத்துக்கு வந்து, மழை முடியும்வரையாவது மாடிக் கதவைத் திறந்துவைக்கச் சொல்வாள். நாங்களும் ஒவ்வொரு ஐப்பசியிலும் அதைப் 'பரிசீலனை'யில் வைப்போம். பரிசீலனை முடிவதற்குள் மழை முடிந்துவிடும். மழை முடிந்த பிறகு கதவு எதற்கு? மேலே போக விரும்புகிறவர்கள் மேல்முறையீடு செய்யலாம் என்று விதியும் வைத்திருந்தோம். முறையீட்டை மேலே அனுப்பினோம், ஆளைத்தான் அனுப்பவில்லை.

பெண் வளர்ந்தாள், படித்தாள், பெருங்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். கேட்பதை நிறுத்திவிட்டாள். எங்கள் பரிசீலனையின் வெற்றி என்று நான் நினைத்தேன். அவள் வீடியோ கேம் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

கேமின் பெயர் 'தண்ணி வருது'. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சுடுவது இல்லை, வெட்டுவது இல்லை, மார்க் இல்லை. இதையெல்லாம் எடுத்துவிட்டால் கேமில் மிச்சம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். வெளிநாட்டுக்காரர்கள் கேட்கவில்லை. அங்கே எங்கோ ஒரு விழாவில் அதற்குச் 'சிறப்புப் பாராட்டு' கொடுத்துவிட்டார்கள். செய்தி பேப்பரின் புறநகர்ப் பக்கத்தில் இரண்டு வரி வந்தது. அதில் 'முடிச்சூர்' என்ற சொல் இருந்தது. நம் கட்டடத்துப் பெண் என்று சங்கம் உடனே விழித்துக்கொண்டது. பாராட்டு விழா எடுப்பது, அதற்கு முன் கேமைச் சங்கம் 'ஆய்வு' செய்வது என்று தீர்மானித்தோம். ஆராயாமல் பாராட்டுவது வெளிநாட்டுக்காரன் பழக்கம்.

ஆய்வுக்குழுவில் மூன்று பேர். சங்கத்தலைவர் எலியேசர், முதல் மாடி. கைதட்டுவதில் வல்லவர். கட்டுப்பாட்டுத் துணைக்குழுவின் சந்திரிகா, இரண்டாம் மாடி. அவர் மாமனார் ஏரிக்குள் நெல் விதைத்த நிலத்தை விற்றுத்தான் இந்தக் கட்டடமே எழுந்தது. ஆகவே மொட்டைமாடியைப் பூட்ட வேண்டும் என்று முதலில் கை தூக்கியவரும் அவர்தான். மூன்றாவது, நான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எலியேசர் வீட்டு டிவியில் ரூக்சார் எதையோ இணைத்தாள். எங்கள் கையில் பொத்தான்கள் வைத்த ஒரு கருப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். விதிமுறைகளைக் கேட்டேன்.

"விதி எதுவும் இல்ல சார். சாதாரணமா வீட்ல என்ன பண்ணுவீங்களோ அதைப் பண்ணுங்க."

டிவியில் ஒரு தரைத்தளத்து ஹால் தெரிந்தது. கோட்டோவியம் மாதிரி படம். ஒரு குடம், ஒரு டார்ச், ஒரு மாத்திரை டப்பா. மூலையில் ஒரு பெண் படுத்திருந்தாள். வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது: "தண்ணி வருது."

எலியேசர் பாய்ந்து குடத்தை எடுத்தார்.

அவரைக் குறை சொல்லக் கூடாது. பல்லாவரத்துக்குத் தெற்கே வாழ்கிற எவரும் அதைத்தான் செய்வார்கள். வீடு பற்றிக்கொண்டது என்றால் கூட 'யார் வீடு' என்று விசாரித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். 'தண்ணி வருது' என்றால் விசாரணையே கிடையாது. லாரியா, குழாயா, மோட்டாரா என்று மூளை யோசிப்பதற்குள் கை குடத்தைப் பிடித்துவிடும், கால் வாசலுக்குப் போய்விடும். எலியேசரும் வாசலுக்குப் போனார். கதவைத் திறந்தார். தண்ணீர் உள்ளே வந்தது. குடம் நிறைந்தது, பிறகு மிதந்தது. எலியேசர் மிதக்கவில்லை. 'குடம் நிறைந்தது' என்று எழுத்து வந்து படம் இருண்டது.

ஜெயித்துவிட்டோம் என்று எலியேசர் கைதட்டினார். எனக்கு என்னவோ முழு வெற்றியாகத் தோன்றவில்லை. அடுத்த ஆட்டத்தை நான் ஆடினேன். சமையலறைக்குப் போய் இன்னொரு குடத்தையும் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டேன். இரண்டு குடமும் நிறைந்தன. மூன்றாம் ஆட்டத்தில் ஒரு வாளியும் கிடைத்தது. நான் மூழ்குமுன் நிரப்பிய தண்ணீருக்கு ஒரு பரிசாவது கொடுத்திருக்கலாம்.

சந்திரிகா பெட்டியை என் கையிலிருந்து வாங்கினார். குரல் வந்தது. அவர் கையும் குடத்துக்குத்தான் போனது. பாதியில் நின்றது.

"இது லாரித் தண்ணி இல்ல சார்" என்றார். "இது அந்தத் தண்ணி."

குடத்தைக் கீழே வைத்தார். மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு, மூலையில் இருந்த பெண்ணை எழுப்பி, படியேறினார். புதிர்கள் அதன்பிறகுதான் தொடங்கின. இருட்டில் படி தெரியவில்லை, டார்ச்சுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு தளத்திலும் உட்கார்ந்துவிட்டாள், அவளைப் பேசவைத்துப் பேசவைத்து ஏற்ற வேண்டியிருந்தது. உச்சியில் ஒரு கதவு. அதில் ஒரு பூட்டு. படத்தில் மற்ற எல்லாம் கோடாக இருக்க, பூட்டை மட்டும் திருகாணி முதல்கொண்டு அவ்வளவு அழகாக வரைந்திருந்தாள்.

சாவிக்காக இரண்டாம் மாடியில் ஒரு வீட்டைத் தட்ட வேண்டும். தட்டினால் ஒருவர் வருவார். கையில் காபி டம்ளர், இடுப்பில் சாவி, கதவில் பெயர் எழுதாத ஒரு பெயர்ப்பலகை. "மனு கொடுத்தாச்சா?" என்று கேட்பார். மனுவோடு போனால், "கமிட்டியில வெச்சுப் பேசிடலாம்" என்பார். கமிட்டியைக் கூட்டிக்கொண்டு போனால், "இப்ப என்ன அவசரம், மழை விடட்டும்" என்பார். கடைசியில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த முழு விளையாட்டிலும் கடமையைக் கடமையாகச் செய்தவர் அந்த ஒரு மனிதர்தான். எங்கேயோ பார்த்த முகம் என்று எலியேசரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

சந்திரிகா மறுபடி உச்சிக்குப் போனார். கதவுக்கு அந்தப் பக்கம் தொப், தொப் என்று சத்தம். இனி பெட்டியில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே ஒரு வேலைதான் நடக்கும். கதவைத் தட்டும். சந்திரிகா தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் மெல்லச் சுவரில் சாய்ந்தாள். படம் இருண்டது. இருட்டிலும் சந்திரிகா பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார், தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எலியேசர்தான் வந்து பெட்டியை வாங்கி வைத்தார்.

யாரும் பேசவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் பேசுவதற்காகத்தான் செயலாளர் இருக்கிறார்.

"கதவு திறக்கலையேம்மா" என்றேன்.

"ஆமா சார்" என்றாள் ரூக்சார்.

"இது பெரிய குறை. ஒரு மனுஷன் இருட்டுல அவ்வளவு கஷ்டப்பட்டு, உடம்பு முடியாத பொம்பளையையும் கூட்டிக்கிட்டு மேல வரான். வந்து பார்த்தா கதவு பூட்டியிருக்கு. அவன் மனசு என்ன பாடுபடும்?"

"என்ன பாடுபடும் சார்?"

"ஆத்திரம் வரும்மா. பூட்டினவனைத் தேடிப் போய் ரெண்டு கேள்வி கேட்கணும்னு தோணும்."

ரூக்சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரிகாவும் பார்த்தார். என் வாதத்தில் அசந்துபோய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். எலியேசர், கேம்களில் 'பக்' என்று ஒன்று வரும், இது அதுவாக இருக்கும் என்றார். பக் என்றால் பூச்சி என்பது எனக்குத் தெரியும். தரைத்தளத்தில் பூச்சி வருவது சகஜம்தான், மருந்தடிக்கச் சங்கம் ஆவன செய்யும் என்று ஆறுதல் சொன்னேன்.

அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டி ஒரு தீர்மானம் போட்டோம். 'மேற்படி விளையாட்டிலுள்ள மொட்டைமாடிக் கதவானது, பொதுமக்களின் சிரமத்தை முன்னிட்டும் மனிதாபிமான அடிப்படையிலும், உடனடியாகத் திறந்துவிடப்பட வேண்டும்.' சங்க வரலாற்றிலேயே பரிசீலனைக்குப் போகாமல் நிறைவேறிய தீர்மானம் இது ஒன்றுதான்.

ரூக்சார் அதைக் கேட்டுவிட்டு, "கேம்ல மட்டுமா சார்?" என்றாள்.

"கேம்ல மட்டும்தாம்மா. நிஜத்துல திறந்தா துணி காயப்போட்டுருவாங்க."

"சரி சார். திறந்துடறேன். ஆனா கேம் இன்னும் முடியலை. கடைசிப் புதிர் ஒண்ணு பாக்கி இருக்கு."

நல்லது, செய்யம்மா என்று ஊக்கப்படுத்தினேன். இளைஞர்களை ஊக்கப்படுத்த வேண்டும்.

'மாடிக் கதவுத் திறப்பு விழா'வை அடுத்த ஞாயிறு தரைத்தள கார் நிறுத்தத்தில் நடத்தினோம். எலியேசர் வீட்டு டிவியைக் கீழே இறக்கி, அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, ஃபிளெக்ஸ் பேனரும் வைத்தோம். பேனரில் என் படம் பெரிதாகவும், எலியேசர் படம் நடுத்தரமாகவும், ரூக்சார் படம் பேனரை மடிக்கும்போது மறையும் இடத்திலும் இருந்தன. நான் ரிப்பனை வெட்டிப் பொத்தானை அழுத்தினேன். டிவியில் கதவு திறந்தது. வானம் தெரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், லட்டு கொடுத்தோம். பல ஆண்டுக் கோரிக்கை இன்று நிறைவேறியது என்று பேசினேன்.

சர்க்கரை வியாதி என்பதால் நூர் பீவி லட்டு வாங்கிக்கொள்ளவில்லை. "டிவியில தொறந்தா, தண்ணி வரும்போது டிவி மேலதான் சார் ஏறி நிக்கணும்" என்று மட்டும் சொன்னார். படிப்பறிவு இல்லாதவர்கள் தொழில்நுட்பத்தைச் சந்தேகிப்பது இயல்பு. அவர் கணவர் அயூப் பாய் அண்ணாந்து, மேலே உண்மையான மாடி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று போனில் செய்தி வந்ததும் நான் பொறுப்போடு நடந்துகொண்டேன். கட்டடத்தின் முக்கியமான பொருள் என்னிடம் இருக்கிறதே. அது நனையக் கூடாது. ஆகவே சாவியை எடுத்துக்கொண்டு கோவிலம்பாக்கத்தில் என் மகள் தீபாவின் வீட்டுக்குப் போய்விட்டேன். அவளுடையது ஐந்தாவது மாடி.

மறுநாள் காலை லேக் வியூவில் நடந்ததை நான் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். முதலில் பார்த்தது நூர் பீவி. வாசல் கதவுக்கு அடியில் தண்ணீர் நுழைவதைக் கண்டு, படிக்கட்டைப் பார்த்து, இருக்கிற குரலையெல்லாம் கூட்டி, "தண்ணி வருது, தண்ணி வருது" என்று கத்தியிருக்கிறார்.

மேல் தளங்களில் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. எல்லாரும் குடத்தோடு இறங்கி வந்தார்கள்.

மழை கொட்டுகிறது, ஊரே மிதக்கிறது, இந்த நேரத்தில் எவன் லாரி அனுப்புவான் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. எலியேசர் இரண்டு குடத்தோடு முதலில் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் கால் வைத்தபிறகுதான் நின்றாராம். அவருக்குப் பின்னால் வாளி, அண்டா, பிளாஸ்டிக் கேன் என்று வரிசை. வரிசையின் நடுவிலிருந்து சந்திரிகா சத்தம் போட்டிருக்கிறார்: "எல்லாம் கொடத்த வெச்சிட்டு மேல ஏறுங்க. கேம்ல செத்தது பத்தாதா?" என் ஆய்வுக்குழு வீண்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மத்தியானத்துக்குள் முதல் மாடியும் போயிற்று. எல்லாரும் இரண்டாம் மாடியில் நெருக்கியடித்தார்கள். இருந்த அரிசி நனைந்துபோயிற்று, அடுப்பில்லை, கரண்ட் இல்லை. சாயங்காலம் ஹெலிகாப்டர் வந்தது. பொட்டலங்கள் போட்டது. எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போது தீபா எனக்கு வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ரூக்சார்.

"சார், சாவி வேணும்."

"என்கிட்டதாம்மா இருக்கு. பத்திரமா இருக்கு, கவலைப்படாதே."

"அம்மா காலையில மாத்திரை போட்டுட்டாங்க சார். ஒண்ணும் சாப்பிடலை. கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. சாப்பாடு கதவுக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடக்கு."

பதற்றத்தில் இருப்பவர்களிடம் நிதானமாகப் பேச வேண்டும். அதான் கதவை நாம் விழா எடுத்துத் திறந்துவிட்டோமே என்று நினைவூட்டினேன்.

அந்தப் பக்கம் மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு விசும்பல் கேட்டது. பிறகு ரூக்சார் அழுகிறாள் என்று புரிந்தது. எதற்கும் அழாத பெண் அது. போன் கை மாறியது.

"சார், நான் சந்திரிகா பேசறேன். அந்தப் பூட்டு ஒடையுமா?"

"ஒடையவே ஒடையாதும்மா" என்றேன். என் குரலில் பெருமை இருந்தது. "யானையைக் கட்டி இழுத்தாலும் வராது."

"பூட்ட வுடு சார். கதவு இன்னா கதவு?"

இப்படி ஒரு கேள்வியை இத்தனை ஆண்டில் யாரும் கேட்டதில்லை. "ஃபிளைவுட்" என்று சொல்லிவிட்டேன். உண்மையைப் பட்டென்று சொல்லிவிடுவது என் பலவீனம். லைன் கட் ஆயிற்று.

சந்திரிகா வீட்டில் அம்மிக் குழவி ஒன்று இருக்கிறது. மிக்ஸி வந்தபிறகும் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார். வேண்டாத பழம்பொருட்களை வீட்டில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம். மூன்றாவது இடியில் கதவு பிளந்ததாம். கட்டுப்பாட்டுத் துணைக்குழுவே கட்டுப்பாட்டை உடைத்தது. நடுங்கிக்கொண்டிருந்த நூர் பீவியின் வாயில், நனைந்த பன்னை ரூக்சார் பிய்த்துப் பிய்த்து வைத்தாளாம். அவர் கண் திறந்து மகளைப் பார்க்கும்வரை எவரும் தமக்கென்று ஒரு பொட்டலம் எடுக்கவில்லையாம். இதையெல்லாம் என்னிடம் சொன்ன எலியேசர், ஏனோ, கைதட்டவில்லை.

தண்ணீர் வடிந்தபின் நான் திரும்பி வந்து மாடியை ஆய்வு செய்தேன். பூட்டு அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. பிளந்த பலகைத் துண்டோடு, தாழ்ப்பாளோடு, பூட்டியபடியே தரையில் கிடந்தது. கடமையைச் செய்துகொண்டே வீழ்ந்த வீரனைப் போல இருந்தது அதைப் பார்க்க. அதைத் தாண்டி மாடிக்குள் போனேன். நான் இத்தனை ஆண்டாக எச்சரித்தது நடந்தேவிட்டது. துணி காயப்போட்டிருந்தார்கள். மூன்று தளத்துத் துணியும், பாயும், தலையணையும், பிள்ளைகளின் பாடப்புத்தகங்களும்.

செயலாளர் சோர்ந்துவிடக் கூடாது. சந்திரிகாவைத் துணைக்குழுவிலிருந்து நீக்கினேன். இந்த முறை இரும்புக் கதவு என்று முடிவெடுத்துத் தாழ்ப்பாள் வாங்க அயூப் பாய் கடைக்குப் போனேன்.

"ஸ்டாக் இல்ல சார்" என்றார்.

"பின்னாடி வரிசையாத் தொங்குதே பாய்."

"அது தொங்கறதுக்கு வெச்சிருக்கேன் சார்."

வியாபாரத்தில் அவர் முன்னுக்கு வராததன் காரணம் புரிந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டேன். இப்போது இரும்புக் கதவு, அதே பித்தளைப் பூட்டு. குழவி என்ன, கோயில் தேரே வந்து இடித்தாலும் திறக்காது.

இதற்கிடையில் ரூக்சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். கடைசிப் புதிரும் சேர்ந்து கேம் முழுமையாக வந்துவிட்டது. மகள் என் போனில் அதை இறக்கிக் கொடுத்தாள், நானே விளையாடினேன். குடத்தைத் தொடாமல் மேலே ஏறுகிறேன் இப்போதெல்லாம், அவ்வளவு தேர்ச்சி. உச்சிக்குப் போனால் கதவு திரும்பவும் பூட்டியிருக்கிறது. அதன்மேல் ஒரு கேள்வி: 'இந்தக் கதவைப் பூட்டியது யார்?' கீழே விடை எழுத ஒரு கட்டம். தப்பாக எழுதினால் தண்ணீர் ஒரு படி ஏறும்.

'ஏரி' என்று எழுதினேன். ஏறியது. 'இயற்கை' என்று எழுதினேன். 'விதி' என்று எழுதினேன். 'பில்டர்', 'அரசாங்கம்', பூட்டைக் கொடுத்தவர் என்ற முறையில் 'அயூப்' என்றுகூட எழுதிப் பார்த்தேன். தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. 'சங்கம்' என்று எழுதினேன், மூக்கைத் தொட்டது. மூழ்கி, மறுபடி கீழிருந்து ஏறும்போதுதான் இரண்டாம் மாடியில் காபி டம்ளரோடு ஒருவர் வருவாரே, அவர் கதவின் பெயர்ப்பலகையைக் கவனித்தேன். முன்பு வெறுமையாக இருந்த பலகையில் இப்போது பெயர் இருந்தது. அதையே மேலே போய் எழுதினேன்: ராஜகோபால்.

தண்ணீர் நின்றது. 'சரியான விடை' என்று வந்தது.

பல ஆண்டு பொதுவாழ்வில் இப்படியொரு கௌரவம் எனக்குக் கிடைத்ததில்லை. செகரட்டரி சார் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊர் மறந்த என் பெயரை ஒரு பெண் நினைவு வைத்திருந்து, ஒரு விளையாட்டுக்கே விடையாக்கிவிட்டாள். எங்கெங்கோ இருப்பவர்கள், தமிழே தெரியாதவர்கள், கடைசியில் எழுத்துக் கூட்டி என் பெயரை எழுதித்தான் கரையேறுகிறார்கள். கதவு மட்டும் அதன்பிறகும் திறப்பதில்லை. அது அந்த 'பக்'காக இருக்கும்.

போன வாரம் போலந்து நாட்டிலிருந்து ஓர் ஆள் எங்கள் சங்கத்து மின்னஞ்சலுக்கே எழுதிவிட்டார். தீபா தமிழில் சொன்னாள். விளையாடி முடித்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லையாம். ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டுமாம். 'ராஜகோபால் என்பவர் கற்பனைதானே? அப்படி ஒருவர் உண்மையில் இருக்க முடியாது அல்லவா?'

அன்றே பெருமையோடு பதில் போட்டேன்: 'இருக்கிறேன். சாவியும் என்னிடம்தான் இருக்கிறது.'